பரமசிவம் காப்பாற்றிய தொப்பி பேட்ஜ்

பாரத நாட்டின் மானத்தை எல்லையில் நிற்கும் ஜவான்கள் காப்பாற்றுகிறார்கள் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். அதைக் காப்பாற்றுவது டெல்லி லோதி ரோட்டு அரசுக் குடியிருப்பில், இரண்டாவது மாடியில், திருவாளர் பரமசிவம் வைத்திருக்கும் கண்ணாடி அலமாரி. பழைய பட்டாளங்களின் தொப்பி பேட்ஜும் தோள் பேட்ஜும் அதில் வெல்வெட் மெத்தையில் படுத்திருக்கும். அவற்றுக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டுத்தான் அவர் தினமும் அமைச்சகத்துக்குக் கிளம்புவார். கல்லூரியில் என்.சி.சி.க்குக் கூப்பிட்டபோது மூட்டுவலி சர்டிபிகேட் கொடுத்துத் தப்பித்தவர்தான்; அதனால் என்ன? தேசபக்தி மூட்டிலா இருக்கிறது?

அலமாரியின் ராஜா, சுபேதார் அகஸ்டினின் தொப்பி பேட்ஜ். எழுபத்தொன்றில் பாகிஸ்தான் சண்டைக்குப் போய்வந்தது. குடியரசு தினக் கண்காட்சிக்கென்று மோதி பாக்கில் குடியிருந்த அந்தப் பெரியவரிடம் "ரெண்டே நாள்" இரவல் வாங்கிய பரமசிவம், தேசநலன் கருதி, திருப்பிக் கொடுக்க மறந்திருந்தார்.

ஒரு ஞாயிறு காலை பெரியவரின் மகள் மரியபுஷ்பம் வந்து நின்றாள். ஆஸ்பத்திரி நர்ஸ். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அப்பா நேத்து இறந்துட்டாவ சார். பெட்டியில நெஞ்சு மேல அந்த பேட்ஜை வைக்கணும்னு சொல்லிட்டுப் போயிருக்காவ. சாயங்காலம் அடக்கம்."

பரமசிவத்துக்கு நெஞ்சை அடைத்தது. பெரியவருக்காக அல்ல.

"ஐயையோ, மண்ணுக்குள்ளயா? பித்தளை பச்சை பிடிச்சுடுமேம்மா!"

"அது அவிய ரத்தம் சிந்தி வாங்குனது சார்."

"அச்சா, அச்சா, யாரு இல்லேன்னா? இப்போ அது பாரம்பரியம் ஆயிடுச்சே! நானே உரிய மரியாதையோட கொண்டு வரேன், நீ போம்மா."

அவள் படியிறங்கியதும் மனைவி இந்திராணி பிடித்துக்கொண்டாள். "செத்தவர் பொருளைக் குடுத்துத் தொலைங்களேன்! உங்களுக்கு வெக்கமா இல்ல?"

வெட்கப்பட நேரமேது? 'படைச்சின்னப் பாதுகாப்புப் பேரவை'யின் அவசரக் கூட்டம் போனில் கூடியது. தலைவர் பரமசிவம், உறுப்பினர்கள் இருவர். மறைந்த வீரருக்கு இரண்டு நிமிட மௌனம். நடுவில் ஒருவர் "ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டதால் மௌனம் மறுபடி முதலிலிருந்து அனுசரிக்கப்பட்டது. பிறகு, பேட்ஜைப் புதைப்பது "நாட்டுக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு" என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். பெரியவர் போனதைப் பற்றி அப்படி யாரும் சொல்லவில்லை. தீர்மானத்தை அமல்படுத்த, தலைவர் மெட்ரோ பிடித்து கரோல் பாக் கடைத்தெருவுக்குப் போய், அதே மாதிரி ஒரு நகல் வாங்கினார்.

சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில் கோட்டு சூட்டோடு வந்து இறங்கினார். கண்கலங்கப் பெரியவரின் நெஞ்சில் பேட்ஜை வைத்து, விறைத்து நின்று சல்யூட் அடித்தார். கூட்டமே உருகிப்போயிற்று.

மரியபுஷ்பம் குனிந்து அதை விரலால் தடவினாள்.

"இது அப்பாவோடது இல்ல சார். தெனமும் பாலிஷ் போட்டுப் போட்டு அவிய பேட்ஜுல எழுத்தே தேஞ்சுபோச்சு. இதுல பளிச்சுனு தெரியுதே!"

எல்லோரும் பரமசிவத்தைப் பார்த்தார்கள். அவருக்கோ நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

"என்னம்மா பேசறே? அதைவிட இது எவ்வளவோ நல்ல கண்டிஷன்!"

அவள் அந்த பேட்ஜை எடுத்தாள். நேராக வந்து அவருடைய கோட்டில் குத்திவிட்டாள்.

"அப்போ நீங்களே போட்டுக்கிடுங்க சார். சண்டைப் பக்கமே போகாத பேட்ஜ், உங்களுக்குத்தான் பொருத்தம்."