இடது பெட்டியில் இறங்காத அம்மன்

வெள்ளிக்கிழமையானால் ஒரகடம் கூட்டுரோட்டில் திருவிழாதான். டீக்கடைக்குப் பின்னால் ஓர் ஓலைக் கொட்டகை. உள்ளே மெஷின் சாமியார் முனிரத்தினம். வெளியே வரிசை. மனிதர்கள் மட்டும் நின்றால் பரவாயில்லை. மொபெட் நிற்கும், மிக்ஸி நிற்கும், தண்ணீர் இறைக்காத பம்பு செட் மாட்டு வண்டியில் மல்லாந்து படுத்திருக்கும். மற்ற ஊர்ச் சாமியார்கள் மனிதரைப் பிடித்த பேயை ஓட்டுவார்கள். எங்கள் சாமியார் மெஷினைப் பிடித்த பேயை ஓட்டுவார். கம்பெனிகள் வருகிற வட்டாரம் அல்லவா? பேய்களுக்கும் வேலை கிடைத்துவிட்டது.

அந்த வரிசையில் நின்ற மடையர்களைப் பார்த்துத் தாராளமாகச் சிரியுங்கள். முதல் ஆளைப் பார்த்து மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சிரியுங்கள். அவன்தான் நான். நரசிம்மன், மோட்டார் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர்.

என் வேலை என்ன தெரியுமா? லைனில் வரும் மோட்டார் ஓடவில்லை என்றால், கோளாறு மோட்டாரிலா, கரண்ட் கொடுக்கும் போர்டிலா என்று கண்டுபிடிப்பது. வித்தை ஒன்றும் பெரிதில்லை. அந்த வயரைக் கழற்றி ஒரு நல்ல மோட்டாருக்குக் கொடுப்பேன். அதுவும் ஓடாவிட்டால் தப்பு போர்டில். ஓடினால் தப்பு மோட்டாரில். ஒரு ஷிப்டுக்கு நாற்பது தடவை இதே வேலை. வீட்டுக்கு வந்து சோற்றோடு இந்தப் பெருமையையும் பிசைந்து என் மனைவி செந்தாமரைக்கு ஊட்டுவேன். அவள் கொட்டாவி விடுவாள்.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் ஸ்டீரியோ வாங்கினேன். நடுவில் ஆம்ப்ளிஃபயர், இரண்டு பக்கமும் மரப்பெட்டி ஸ்பீக்கர். கம்பெனியில் லேத்துக்கும் மோட்டாருக்கும் பொட்டு வைத்த கையோடு வீட்டுக்கு வந்து இதற்கும் வைத்தேன். சும்மா இல்லை. ஒவ்வொரு குமிழ் மேலும் ரூபாய் அகலத்துக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம், பக்தியோடு அழுத்தி அழுத்தி. மறுநாள் பாட்டுப் போட்டால் வலது பெட்டி முழங்கியது. இடது பெட்டி முனகியது.

எதிர்வீட்டுக் கிளியம்மாள் எட்டிப் பார்த்தாள். "இடப்பக்கம் பொம்பள பக்கமாச்சே நரசிம்மா! இன்னா கெட்டதோ! சாமியாராண்ட போய்ச் சொல்லு."

போனேன். இன்ஸ்பெக்டர் போனேன்!

சாமியார் வீட்டுக்கே வந்தார். தெருவே பின்னால் வந்தது. ஸ்டீரியோவுக்கு மஞ்சள் துணி போர்த்தி, துணிக்குள் கையை விட்டு, மந்திரம் சொன்னார். நடுவில் ஒரு "வோல்ட்டு" கூடக் காதில் விழுந்தது. திடீரென்று இடது பெட்டி முழங்கியது பாருங்கள்! கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நான் அழுதே விட்டேன். சாமியார் கையை வெளியே எடுத்தார். மறுபடி முனகல்.

"அம்மன் வர்றா நயினா, ஆனா நிக்க மாட்டேன்றா" என்றார். "இந்த வூட்டுப் பொம்பளைக்கு தோஷம் கீது. ஒரு மண்டலம் அவ ஆத்தா வூட்ல இருக்கட்டும். கை வளையலு என்னாண்ட இருக்கட்டும், பூஜையில வெக்கறேன்."

கல்யாணமாகி எட்டு மாதம். தோஷக்காரி என்று ஊர் பார்க்க அனுப்பினால், அவள் ஆத்தா ஊரான மண்ணூரில் அவள் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாள்? நாற்பத்தெட்டு நாள் கழித்து யார் அவளை மதிப்பார்கள்? இதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. "அஞ்சு மணிக்கு பஸ்ஸு கீது செந்தாமரை" என்றேன். வெட்கக்கேடுதான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அவள் துணியைப் பையில் வைத்தாள். வளையல்களைக் கழற்றிச் சாமியார் முன்னால் வைத்தாள். வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"போறேன் சாமி. அதுக்கு முந்தி ஒண்ணே ஒண்ணு பாத்துக்கறேன்."

சுவிட்சை அணைத்தாள். ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் இரண்டு பெட்டி வயர்களையும் கழற்றினாள். இடதை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிச் சொருகினாள். பாட்டைப் போட்டாள்.

இடது பெட்டி முழங்கியது. வலது பெட்டி முனகியது.

"இன்னா சாமி, தோஷம் ஆம்பளைக்கு மாறிக்கினுச்சா?"

"அது... கிரகம் எடம் மாறுதும்மா."

"கிரகம் மாறல, வயருதான் மாறிச்சு. பெட்டி ரெண்டும் நல்லாத்தான் கீது. கோளாறு நடுவுல கீற மெஷின்ல." என் பக்கம் திரும்பினாள். "தெனம் சோத்துத் தட்டாண்ட நீதான சொல்லுவ? மறந்துட்டியா?"

மறக்கவில்லை. கம்பெனி கேட்டில் கார்டை வைத்தபோது மூளையையும் அங்கேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.

"சாமி, இப்போ கையப் பின்னால கட்டிக்கினு மந்திரம் சொல்லு."

சாமியார் சொன்னார். வேர்க்க வேர்க்கச் சொன்னார். அம்மன் அசையவில்லை.

செந்தாமரை ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைத்தாள். இரண்டு பெட்டிக்கும் சத்தத்தைப் பங்குபோடும் குமிழ் ஒன்று உண்டு. நடுவில் நிற்க வேண்டியது, வலப்பக்கம் கோணிக்கொண்டு கிடந்தது. பொட்டை அழுத்துகிற பக்தியில் அதைத் திருகியது என் கட்டைவிரல். துணிக்குள் அதையே முன்னும் பின்னும் திருகியது சாமியாரின் விரல். அவள் இரண்டே விரலால் குமிழை நடுவில் நிறுத்தினாள். இரண்டு பெட்டியும் ஒன்றாகப் பாடின.

"அடப்பாவி! அப்போ என் மிக்ஸி?" என்று அலறினாள் கிளியம்மாள்.

சாமியார் ஓடினார். வாசலில் அவருடைய மொபெட் கிளம்பவில்லை. மந்திரம் சொன்னார் என்று நினைக்கிறீர்களா? பிளக்கைக் கழற்றி ஊதினார்.

செந்தாமரை வளையல்களைப் போட்டுக்கொண்டாள். பையிலிருந்து தன் புடவைகளை எடுத்தாள், என் லுங்கிகளை வைத்தாள், பையை என் கையில் திணித்தாள்.

"கடைசியா முனகுனது வலப்பக்கம். ஆத்தா வூட்டுக்கு நீ போ. அஞ்சு மணி பஸ்ஸு இன்னும் போவல."

இதை வாலாஜாபாத்தில் என் அம்மா வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்று பன்னிரண்டாம் நாள். இங்கிருந்துதான் வேலைக்குப் போய் வருகிறேன். தெருவில் ஒவ்வொருத்தரும், "இன்னா நரசிம்மா, உனக்கு இன்னா தோஷம்?" என்று விசாரிக்கிறார்கள். நாற்பத்தெட்டு நாள் அவள் காதில் விழுந்திருக்க வேண்டிய கேள்வி. பன்னிரண்டு நாளே எனக்குத் தாங்கவில்லை.

ஐயா, அம்மா, உங்கள் வீட்டில் எது முனகினாலும் வீட்டுப் பெண்ணின் மூட்டையைக் கட்டாதீர்கள். முதலில் உங்கள் மண்டைக்குள் இருக்கும் குமிழைத் துடைத்துப் பாருங்கள். யாரோ பூசிய சந்தனம் அங்கே ரொம்ப நாளாகக் காய்ந்து கிடக்கிறது.