யாரும் தொடாத திரை

பிரிக்ஃபீல்ட்ஸ் கிளினிக் ஒன்றில், நம்பர் சீட்டு தரும் தொடுதிரை மெஷின் முன்னால் மடிக்கணினியோடு மண்டியிட்டிருந்தார் திருச்செல்வம். யாரும் தொடாமலே நம்பர் அடிக்கிறது என்று கம்பெனிக்குப் புகார் போயிருந்தது. அந்தத் திரையை இயக்கும் டிரைவர் மென்பொருளை எழுதியவரே அவர்தான்.

"நல்லாத்தானே ஓடுது அண்ணே?" என்றாள் கவுண்ட்டர் புனிதா.

"வெளிய அப்படித்தான் தெரியும். உள்ள பாருங்கம்மா, யாரும் தொடல, ஆனா நொடிக்கு நாலு தடவ சிக்னல் வருது. இன்டரப்ட்டுன்னு சொல்வோம்."

சிக்னலை அடைத்தார். திரை செத்தது.

மறுபடி திறந்துவிட்டு, சிக்னலுக்குக் கொஞ்சம் தாமதம் வைத்தார். திரை யோசித்து யோசித்து வேலை செய்தது. முட்டிவலிக்கு வந்த அம்புரோஸ் அங்கிள் பொறுமையில்லாமல் தட்டியதில் பதினோரு சீட்டு வந்தது.

"ஒரு முட்டிக்கு ஒண்ணு போதும்லா, பாஸ்!"

சிக்னல் எங்கிருந்து வருகிறதென்று பார்க்க, அதை வடிகட்டும் நான்கு நிரல் வரிகளைத் தூக்கினார். அவ்வளவுதான். சீட்டு நாக்கை நீட்டிக்கொண்டு வந்தது, நிற்கவே இல்லை. இருபது பேர் வேடிக்கை பார்த்தார்கள்.

"சானிடைசர் ஈரத்தோட திரையத் தொட்டீங்களா?" புனிதாவிடம் கத்தினார். "இப்படிப் பண்ணா எந்த மெஷின் தாங்கும்?"

அவள் கண் கலங்க, டிஷ்யூவால் திரையைத் துடைத்தாள். சீட்டு வந்துகொண்டே இருந்தது.

தூக்கிய வரிகளைத் திரும்பப் போடப் போனபோதுதான் அவற்றின் மேலிருந்த குறிப்பைப் படித்தார்: 'இது சிப் உயிரோடு இருக்கிறதென்று சொல்லும் சிக்னல். கோளாறு அல்ல. கை வைக்காதே. - திருச்செல்வம்.'

மூன்று வருடத்துக்கு முன் எழுதியது. காது மடல் சுட்டது. வரிகளைப் போட்டதும் மெஷின் சாதுவாக நின்றது. தரையில் கிடந்த சீட்டுகளைக் குனிந்து பொறுக்கினார். நிமிர்ந்து யார் முகத்தையும் பார்க்கத் துணிவில்லை.

"தப்பு என்னோடதும்மா," என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. "இத்தன பேர் முன்னால உங்க மேல பழி போட்டுட்டேன். மன்னிச்சிருங்க."

"பரவால்லண்ணே," என்றாள் புனிதா. அவளும் குனிந்து பொறுக்கத் தொடங்கினாள்.

அப்போது படியிறங்கி வந்த ஒரு நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"புனிதாக்கா, எங்க நம்பர் மெஷின் ரிப்பேருக்கு ஆள் வரும்னு காலையிலேர்ந்து மேல பல் கிளினிக்ல காத்துக்கிட்டு இருக்கோம். ஏன், ஒங்க மெஷினும் கெட்டுப்போச்சா?"