புதன்கிழமை பூட்ஸ்

"இன்னைக்கும் இந்த பூட்ஸ் வீட்டுக்குத் திரும்பி வந்துச்சுன்னு வை, அதை வாங்கினவங்க விறகு ஷெட்லதான் படுக்கணும். சொல்லிட்டேன்" என்றாள் சிக்பிரிட்.

அவள் கணவன் இங்வே ஷூ நாடாவை முடிந்துகொண்டிருந்தான். வாசல் நடையில், செருப்புகளுக்கு நடுவே அந்த பூட்ஸ் நின்றது. பச்சை ரப்பர், இடது கால் மட்டும். வலது கால் எந்தச் சேற்றில் போனது என்று கிளப்பில் யாருக்கும் ஞாபகமில்லை. வசந்தம் முழுக்க இவன் வீட்டிலேயே கிடந்ததில் பூனை அதற்குள் தலையை விட்டுத் தூங்கப் பழகிவிட்டது.

வரைபடத்தையும் காம்பஸையும் பிடித்துக்கொண்டு, காட்டுக்குள் அங்கங்கே வைத்திருக்கும் கொடிகளைத் தேடி ஓடுவதுதான் அந்த ஸ்வீடன் சிற்றூர்க்காரர்களுக்கு விளையாட்டு, பக்தி, பொழுதுபோக்கு எல்லாம். புதன்தோறும் பயிற்சி. முடிந்ததும் கிளப் வீட்டில் காபி. காபியோடு ஒவ்வொருவரும் எழுந்து, தான் எங்கே வழி தவறினோம், ஏன் தவறினோம் என்று சபை முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும். தப்பைச் சொன்னால்தான் புத்தி வரும் என்பது கிளப்பின் கொள்கை. அன்றைய ஆகப் பெரிய தப்புக்கு பூட்ஸ். வாங்கியவர் அதை அடுத்த புதன் வரை வீட்டு வாசலிலேயே வைத்திருக்க வேண்டும்.

அதோடு போனாலும் பரவாயில்லை. கோடைத் தொடர் ஓட்டத்துக்கு முந்தின கடைசிப் புதனன்று பூட்ஸ் யார் கைக்கு வருகிறதோ, அவருக்கு ஓட்டம் கிடையாது. கூடாரத்தில் உட்கார்ந்து, ஓடி வருகிறவர்களுக்குப் புளூபெர்ரி சூப் காய்ச்ச வேண்டியதுதான். இங்வே மூன்று வருஷமாகக் காய்ச்சுகிறான். அவன் சூப்பை எல்லோரும் புகழ்ந்ததுதான் அவனுக்கு ரொம்ப வலித்தது. அந்தக் கடைசிப் புதன் இன்றைக்குத்தான்.

சிக்பிரிட் நேர் எதிர். தொடர் ஓட்டத்தில் கிளப்புக்காகக் கடைசிச் சுற்று ஓடுகிறவள் அவள்தான். பூட்ஸை அவள் கையால் தொட்டதுகூடக் கிடையாது. வீட்டில் கூட்டும்போது காலால்தான் தள்ளுவாள்.

"நீ பண்றது ஒரே ஒரு தப்புதான் இங்வே. ரெண்டு இடம் பக்கத்துப் பக்கத்துல ஒரே மாதிரி இருந்தா, நீ தப்பானதுக்குப் போவ. அதைத் திருத்தவே மாட்டியா?"

"இந்தத் தடவை நின்னு யோசிச்சுட்டுப் போறேன்."

"யோசிச்சுட்டு தப்பானதுக்குப் போவ."

இத்தனைக்கும் அவன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். ரோட்டில் ஒரு நாளும் வழி தவறியதில்லை. காட்டுக்குள் கால் வைத்தால்தான் புத்தி கழன்றுவிடும்.

"இன்னைக்குக் கொடியெல்லாம் நானே மத்தியானம் கார்ல போய் வச்சுட்டு வந்துட்டேன்" என்றாள். "என்னையே பார்க்காத. ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

"நான் கேக்கவே இல்லையே."

"மூஞ்சி கேக்குது."

கிளப் வீட்டு வாசலில் இருபது பேர் கை காலை உதறிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் ஆகியும் வெயில் சுள்ளென்று இருந்தது. உள்ளே மார்ட்டாக்கா பட்டைத்தூள் போட்ட பன்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டே யாரிடம் என்றில்லாமல் பேசிக்கொண்டிருந்தாள். கிளப்பின் வரைபடங்களை வரைகிறவள் அவள்தான். ஆனால் பன்னும் அவளே சுடுவதால், அவள் சொல்கிற மற்றது எதுவும் யார் காதிலும் ஏறுவதில்லை.

"மரம் வெட்டறவங்க காட்டுல புதுசா ஒரு ரோடு போட்டுட்டாங்க. நான் இன்னும் மேப்ல ஏத்தல. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது. பன் ஆளுக்கு ஒண்ணுதான்."

இங்வே காதில் பன் விஷயம் மட்டும் விழுந்தது.

ஒவ்வொருவராக விட்டார்கள். பல் டாக்டர் ஆல்ரிக் இவனுக்கு முன்னால் போனான். தப்பே செய்யாதவன், அதைத் தானே சொல்லிக்கொள்கிறவன். "சூப்புல இந்த வருஷம் சர்க்கரை கம்மி பண்ணுப்பா, பல்லுக்குக் கெடுதல்" என்று தோளில் தட்டிவிட்டு ஓடினான்.

இங்வே வாக்குக் கொடுத்தபடி நின்று நின்று யோசித்தான். வரைபடத்தில் ஒரு மண் ரோடு. அது முடிகிற இடத்திலிருந்து இடப்பக்கம் நீளமாக ஒரு சதுப்பு. ஓடினான். ரோடு வந்தது. புதுச் சரளைக்கல் ஷூவுக்குள் ஏறியது. ரோடு முடிந்த இடத்தில் இடப்பக்கம் திரும்பினான். சதுப்பு நீளமாகவே கிடந்தது. நடுவில் மேடு. மேட்டின் பின்னால் ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கொடி.

நம்பரைப் பார்த்தான். அவனுக்குக் கொடுத்திருந்த அதே நம்பர். விரலில் மாட்டியிருந்த மின்னணுச் சில்லைக் கொடியடியில் இருந்த பதிவுப் பெட்டியில் செருகினான். பீப் என்றது.

முதல் கொடியை முதல் தடவையிலேயே அவன் கண்டுபிடித்ததாகச் சரித்திரமே கிடையாது. எங்கேயோ கோளாறு என்று தோன்றியது.

சுற்றும் முற்றும் பார்த்தான். வலப்பக்கத்து மேட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொரு சதுப்பு தெரிந்தது. அதுவும் நீளமாகவே கிடந்தது. அங்கே ஆல்ரிக் புதர் புதராக எதையோ தேடிக்கொண்டிருந்தான். ஆல்ரிக் அங்கே இருக்கிறான் என்றால் சரியான இடம் அதுதான். அப்படியானால் தான் எங்கே இருக்கிறோம்? திருத்திக்கொள்ளலாம் என்று மேடேறி இறங்கி அங்கே போனான்.

"என்ன, பின்னாலேயே வர்றியா?" என்றான் ஆல்ரிக். அடுத்தவன் முதுகைப் பார்த்து ஓடுவதைப்போல் அவமானம் அந்த ஊரில் வேறில்லை.

"இல்லப்பா, நான் சும்மா…"

"காட்டுல சும்மா என்ன?"

கூச்சத்தில் வந்த வழியே திரும்பி ஓடினான். குறுக்கு வழி என்று நினைத்து இறங்கிய இடம் இடுப்பளவு சேறு. கையை ஊன்றி, புல்லைப் பிடித்து, ஒரு வழியாக வெளியே வந்தான். இடது ஷூ வரவில்லை. வரைபடமும் சேற்றில் ஊறிப் பாதி அழிந்துவிட்டது. ஒழிந்தது, சூப்தான் என்று தலையை நிமிர்த்தினால், கண்ணுக்கு நேரே இரண்டாவது கொடி.

பீப்.

இப்போது அவனுக்குப் பயமே வந்துவிட்டது. மூன்றாவதையாவது முறையாகத் தேடுவோம் என்று காம்பஸைப் பார்த்து அடி எண்ணிப் போனான். எண்ணிக்கை பாதியில் விட்டுப்போனது. சரி, உட்கார்ந்து மூச்சு வாங்கலாம் என்று ஒரு பழைய வேட்டைப் பரணின் ஏணியில் சாய்ந்தான். ஏணிக்குப் பின்னால் கொடி ஆடிக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் அவன் எதையும் திருத்தவில்லை. புத்தி எந்தப் பக்கம் இழுத்ததோ அந்தப் பக்கமே போனான். கொடிகள் வரிசையாக வந்தன.

ஒற்றை ஷூவோடு கிளப் வீட்டுக்குள் நுழைந்தபோது யாருமே சிரிக்கவில்லை. எல்லோரும் பெஞ்சில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஆல்ரிக்கின் முகம் இருண்டிருந்தது. அவர்களில் ஒருவருக்கும் ஒரு கொடிகூடக் கிடைக்கவில்லை. இங்வேயின் சில்லைக் கம்ப்யூட்டரில் செருகினால், எல்லாக் கொடிகளும் வரிசை தப்பாமல் பதிந்திருந்தன. கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் அதை எடுத்துத் துடைத்து மறுபடியும் செருகிப் பார்த்தார்.

கொடி அங்கே இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. சிக்பிரிட் வைத்த கொடி இல்லாமல் போகுமா? தப்பு தன்னுடையதுதான் என்று ஒவ்வொருவராக எழுந்து ஒப்புக்கொண்டார்கள்.

"காம்பஸை அவசரத்துல பாத்துட்டேன்."

"நான் பொண்ணு கல்யாணத்தை நெனச்சுக்கிட்டே ஓடிட்டேன்."

"எனக்குக் கண்ணாடி மாத்தணும்னு நெனைக்கிறேன்."

சிக்பிரிட் சுவரில் மாட்டிய வரைபடத்தில் குச்சியை வைத்து ஒவ்வொருவருக்கும் பாடம் எடுத்தாள். "நின்னு யோசிச்சிருக்கணும். இங்வேயைப் பாருங்க." இப்படி ஒரு வாக்கியம் தன் வாயில் வருமென்று அவளே எதிர்பார்க்கவில்லை.

ஆல்ரிக்தான் போட்டு உடைத்தான். "எங்க யாருக்கும் கிடைக்கல. கொடி வச்சவளோட புருஷனுக்கு மட்டும் அத்தனையும் கிடைக்குது. ஒரே மேஜையில சாப்பிடறவங்க, பேச்சுவாக்குல ஒண்ணு ரெண்டு வந்திருக்கும். நான் ஒண்ணும் சொல்லல."

திருட்டு ஆட்டம் என்று ஆகிவிட்டால் புருஷன் பெண்டாட்டி இருவருக்குமே தொடர் ஓட்டம் கிடையாது. ஊரில் தலை காட்டவும் முடியாது. சிக்பிரிட் மெதுவாகக் கணவன் பக்கம் திரும்பினாள்.

"என் மேஜை டிராயரைத் திறந்து கொடிக் குறிப்பைப் பாத்தியா?"

"சத்தியமா இல்ல."

"அப்புறம் எப்படிக் கண்டுபிடிச்ச?"

"எனக்கே தெரியல" என்றான் இங்வே. உண்மைதான். ஆனால் இதைவிட மோசமான பதில் கிடையாது என்று சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

"வரைஞ்சு காட்டட்டும்" என்றான் ஆல்ரிக்.

இங்வே சிவப்புப் பேனாவை எடுத்தான். மூன்று வருஷமாகத் தப்பை மட்டுமே சொல்லிப் பழகிய வாய், சரியாகச் செய்ததைச் சொல்லத் தெரியாமல் குழறியது. "ரோடு முடியற இடத்துல இடப்பக்கம் திரும்பினேன். சதுப்பு வந்துச்சு. மேட்டுக்குப் பின்னாடி முதல் கொடி. ஆல்ரிக் அந்தப் பக்கம் நின்னதைப் பாத்து அங்க போனேன், திட்டினான், திரும்பிட்டேன். சேத்துல விழுந்தேன். மூணாவது, வேட்டைப் பரணுக்குப் பின்னாடி."

பன் தட்டோடு வந்துகொண்டிருந்த மார்ட்டாக்கா நின்றாள்.

"ஏணியில ஒரு படி இல்லாத பரணா?"

"ஆமாக்கா."

"அது எங்க அண்ணன் பரண், புது ரோட்டுப் பக்கம்ல இருக்கு. ரோட்டுல புதுச் சரளை கெடந்துச்சா?"

"ஷூவுக்குள்ளகூட ஏறிடுச்சு."

சுவரோரம் குச்சி கீழே விழுகிற சத்தம் கேட்டது. சிக்பிரிட் குனிந்து அதை எடுக்கவில்லை. அவள் பார்வை வாசலில் நின்ற தன் காரின், புதுச் சரளைத் தூசி படிந்த டயர்களிலேயே இருந்தது.

மார்ட்டாக்கா தட்டை மேஜைமேல் வைத்தாள். இங்வே வீட்டிலிருந்து கொண்டு வந்திருந்த பைக்குள்ளிருந்து பூட்ஸை எடுத்து, பூனை முடியைத் தட்டிவிட்டு, நேராக வரைபடச் சுவரை நோக்கி நடந்தாள்.

"இங்வே வழக்கம்போலத் தப்பான சதுப்புக்குத்தான் போயிருக்கான், அதுல ஒரு சந்தேகமும் இல்ல, அவனுக்கு முன்னாடியே அங்க போய், அங்கிருந்தே அளந்து எல்லாக் கொடியையும் நட்டு வச்சது யாருன்னு பாத்தா, பூட்ஸ் அதே வீட்டுக்குத்தான் போகுது. சிக்பிரிட், சூப் அடி பிடிக்காம கிண்டணும் தாயி."