கேஜ் அண்ணன் சொன்ன கோயில் வரலாறு

கோலார் தங்க வயலில் ஆயிரக்கணக்கான அடி ஆழம் இறங்கிப் பத்திரமாக மேலே வந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. கேஜ் அண்ணனின் பேச்சில் இறங்கி முழுசாகத் திரும்பியவர் ஒருவரும் இல்லை.

சுரங்கத்தில் ஆட்களை இறக்கும் 'கேஜ்' என்ற கூண்டுக்கு மணியடித்தவர். அதனால் அந்தப் பெயர். சுரங்கம் மூடியதும் எங்கள் லைன் வீடுகளின் கோடியில் இருக்கும் புத்தர் கோயிலின் சாவி இவர் கைக்குப் போனது. எங்களுக்குச் சனி பிடித்தது.

வைகாசிப் பௌர்ணமிக்கு ஊரே திரண்டு வரும் கோயில் அது. ஆனால் மற்ற நாளில் போனால், வரலாறு கேட்காமல் கதவு திறக்காது. அதையும் சுரங்கத்தில் இறங்குவதுபோல லெவல் லெவலாகத்தான் சொல்வார். நடுவில் யாராவது இருமினால்கூடப் போச்சு.

"இன்னா, கவனிக்கலியா? சரி, மேலேர்ந்து வரலாம்."

வெயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கேட்க வேண்டும். பெங்களூர் ரயிலைப் பிடிக்க வேண்டிய நான் மூன்றாம் லெவலிலேயே ஓடிவிடுவேன். இந்த அழகில் நான்தான் கோயில் கமிட்டி செயலாளர்.

போன வருடம் நிலத்தை அளக்க கோலாரிலிருந்து ஓர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. பழைய கம்பெனி நிலம். 'காலி ஷெட்' என்று எழுதிவிட்டால் கோயிலையும் சேர்த்து அரசாங்கம் வேலி போட்டுவிடும். அவர் ஒதுக்கியதோ பத்தே நிமிடம். கேஜ் அண்ணன் வாயைத் திறந்தால் முதல் லெவலிலேயே ஜீப் கிளம்பிவிடும். எனவே சாவியை வாங்கிக்கொண்டு, பூஜைக்குத் தாமரை வேண்டும் என்று அவரைப் பேட்டைக் கடைத்தெருவுக்கு அனுப்பினேன். பேட்டையில் தாமரை கிடைக்காது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

அதிகாரி வந்தார். சுற்றிப் பார்த்தார். "இதை யார் கட்டியது? ஏதாவது ஆதாரம் உண்டா?" என்று கன்னடத்தில் கேட்டார்.

எனக்கு வேர்த்துவிட்டது. கட்டடம் கட்டுவது ஐந்தாம் லெவலில் வருகிறதாம். நான் எங்கே அதுவரை இறங்கினேன்?

அந்த நேரம் பார்த்து வியர்த்து விறுவிறுக்கக் கேஜ் அண்ணன் வந்து நின்றார். "நாலு கடை ஏறி எறங்கிட்டேன். தாமர இல்ல." பிறகு அதிகாரியைப் பார்த்தார். அவர் மறுபடி கேட்டதைக் காதில் வாங்கினார். முதல் லெவலைத் தொடங்காமல் அவரைப் பின்சுவருக்கு அழைத்துப் போய்க் குனிந்து புல்லை விலக்கினார்.

"ஷிப்ட் முடிச்சி மேல வந்தவங்க ஆளுக்கொரு கல்லு தூக்கியாந்து கட்னது சார். கல்லுக்குக் கல்லு அவங்க நம்பர் கீது, பாருங்க."

அடிவரிசை முழுக்கத் தொழிலாளிகளின் எண்கள், உளியால் கொத்தியவை. அதிகாரி தடவிப் பார்த்தார். 'வழிபாட்டுத் தலம்' என்று எழுதிக்கொண்டு போனார். எல்லாம் இரண்டு நிமிடம்.

எனக்கு வந்ததே கோபம். "இவ்ளோ சுருக்கா சொல்லத் தெரியுமா உங்களுக்கு? அப்புறம் ஏன்ணா எங்க உயிர வாங்குறீங்க?"

"அவரு வந்துட்டுப் போறவரு, அது போதும் அவருக்கு. நீங்க இங்கியே இருக்கப் போறவங்க ஆச்சே."

அந்தக் கணம் மனிதர்மேல் எனக்குப் பிரியம் பொங்கிவிட்டது. வாய்விட்டுச் சொன்னால் பேச்சு வளரும் என்று சொல்லாமல், அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.