இருபத்தேழாம் பக்கத்து மீன்

"வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் டைம், ஜெயவேல். பத்து வருஷமா யாரும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகாத புக்கையெல்லாம் கழிச்சுக் கட்டிடுங்க" என்று சொல்லிவிட்டு மேலதிகாரி அம்மா போனை வைத்தார்.

ராயபுரம் கிளை நூலகத்தின் கடைசி அலமாரியில் அப்படி முந்நூறு கிடந்தன. நூலகர் ஜெயவேலுக்கு முப்பது வருஷ சர்வீஸ், முழங்கால் வலி, அடுத்த மாதம் ரிட்டயர்மென்ட். போவதற்குள் நல்ல புத்தகங்களையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று ஆசை. எது நல்லது என்பதில்தான் சிக்கல். மனிதர் பேப்பரைத் தாண்டி எதையும் படித்ததில்லை. இது அவர் மனைவிக்குத் தெரியும். கல்மண்டபம் ஏரியா முழுக்கவும் தெரியும்.

தூசி தட்டும்போது கண்ணில் பட்டது. ஒரு பழைய நாவலின் இருபத்தேழாம் பக்க ஓரத்தில் பென்சிலால் குட்டியாக ஒரு மீன். இன்னொன்றிலும் அதே பக்கம், அதே மீன். சாயங்காலத்துக்குள் நாற்பது மீன் பிடித்துவிட்டார்.

யாரோ ரசித்துப் படித்திருக்கிறார்கள்!

ஃபேன் காற்றுக்காகவே தினமும் வருபவர் என்று பெயரெடுத்த ஜெரால்ட், மூலையில் ஒரு புத்தகத்தை முகத்தில் கவிழ்த்திருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்ந்தவர்.

"ஜெரால்டு, புக்குல மீன் வரைஞ்சது யாரு?"

மேசையைத் தட்டிக் கேட்ட வேகத்தில், ஃபைன் போடப்போகிறார் என்று ஜெரால்ட் நினைத்துவிட்டார்.

"எனுக்கு இன்னா சார் தெரியும்? நான் காத்து வாங்க வந்துகினு கீறேன்."

ஜெயவேல் அதிகாரியைக் கூப்பிட்டார். "மேடம், நாப்பது புக்கை யாரோ அடையாளம் போட்டுப் படிச்சிருக்காங்க. அதை மட்டும் விட்டுடலாமா?"

"கிறுக்கின புக்கா? அதான் முதல்ல போகணும். சுத்தமா இருந்தா நாப்பது வெச்சுக்குங்க."

மறுநாள் ரப்பரும் கையுமாக உட்கார்ந்தார். கடற்காற்றில் நமுத்த தாள். மீனைத் தேய்த்தால் பக்கமும் சேர்ந்து வந்தது. செல்லோடேப் ஒட்டினார். அது அடுத்த பக்கத்தையும் இழுத்துக்கொண்டது. பிரித்தால் அரைப் பத்தி காணோம். சோறு தண்ணி இல்லை, கட்டைவிரல் வீங்கிப்போனது.

வெள்ளிக்கிழமை காலை பழைய பேப்பர் மஜீது மீன்பாடி என்கிற மூணு சக்கர வண்டியோடு வந்தார். மூட்டை கட்டும்போது ஒன்றைப் புரட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், இதுல பாதி, கை பட்டுப் பட்டு கறுத்துக் கீது. யாரோ படிச்சிகினு இருந்துக்கிறாங்கபோல."

"மீன் இல்லையே, மஜீது! நீ ஏத்து."

வண்டி போனது. மத்தியானம் ஜெரால்ட் வந்தார். மிச்சமிருந்த நாற்பதில் ஒன்றை எடுத்துப்போய் அரைமணி நேரம் படித்தார். பிறகு பொத்தென்று மூடினார்.

"எவன் சார் என் மீனை அழிச்சது?"

ஜெயவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்கதானா அது! கவலையே படாதீங்க. நீங்க மீன் போட்ட நாப்பதையும் காப்பாத்திட்டேன். மத்ததைத்தான் மஜீது தூக்கிட்டுப் போனாரு."

ஜெரால்ட் எழுந்துபோய் காலியான அலமாரித் தட்டுகளைத் தடவிப் பார்த்தார்.

"அய்யய்ய, இன்னா சார் நீ! மறுக்கா எடுத்துட்டு பேஜாராவக் கூடாதுன்னுதான் மொக்க புக்குக்கு மட்டும் மீன் போட்டேன்; மாசாமாசம் இங்கியே குந்திகினு படிக்கிற நல்ல புக்குக்கு இன்னாத்துக்கு சார் அடையாளம்?"