ஒன்பது வோல்ட் நல்லாட்சி

ஒரு நாட்டில் நல்லாட்சி நடக்கிறதா என்று அறிய அணைக்கட்டையும் மேம்பாலத்தையும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. அந்த அரசாங்கம் ஒரு பேட்டரியை எப்படி வாங்குகிறது என்று பார்த்தால் போதும். பார்க்கப் பிரியப்படுகிறவர்கள் மார்க்கையன்கோட்டையைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே இருக்கும் பெருங்கண்மாய்ப்பட்டி நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு வரலாம். அங்கே பட்டியல் எழுத்தராக வீற்றிருக்கும் ஞானசிகாமணி, கொள்முதல் சீர்திருத்தம் கையும் காலும் முளைத்து வந்த அவதாரம்.

மதுரையில் இரண்டு நாள் நடந்த 'வெளிப்படையான கொள்முதல்' பயிற்சிக்குப் போய் வந்தவர் அவர். முதல் நாள் வெளிப்படைத்தன்மையும் வெஜிடபிள் பிரியாணியும். இரண்டாம் நாள் சான்றிதழும் சாம்பார் சாதமும். சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மேஜைக்கு மேலே மாட்டியிருந்தார். அதற்கு முன்பு அவரும் உங்களையும் என்னையும் போலத்தான் இருந்தார். சாக்குத் தைக்க நூல் தீர்ந்தால் கடைக்குப் போய் நூல் வாங்கினார். இப்போது அதை நினைத்தால் அவருக்கே கூச்சமாக இருந்தது.

ஐப்பசி முதல் வாரத்தில் நிலையம் திறந்தது. தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, முதல் குவியலில் ஈரப்பதம் பார்க்கும் மிஷினை வைத்தார்கள். மிஷின் கண்ணைத் திறக்கவில்லை. ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்கு மேலிருந்தால் நெல் வாங்கக்கூடாது என்பது விதி. மிஷின் எண் காட்டாவிட்டால் எந்த நெல்லையும் வாங்கக்கூடாது. மிஷினுக்கு வந்த நோய் பெரிதொன்றுமில்லை. உள்ளே ஒன்பது வோல்ட் பேட்டரி தீர்ந்து போயிருந்தது.

அந்த முதல் குவியல் பஞ்சம்மாளுடையது. எண்பது மூட்டை. புருஷன் போனபிறகு தனி ஆளாக நட்டு, களையெடுத்து, அறுத்துக் கொண்டுவந்த முதல் நெல். களத்தில் கொட்டிவிட்டு டிராக்டரைத் திருப்பி அனுப்பியிருந்தாள். மேகமலைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"மிஷினு கெடக்கட்டும் சார். கடிச்சுப் பாருங்க," என்று ஒரு பிடி நெல்லை நீட்டினாள்.

ஞானசிகாமணியும் வயக்காட்டில் வளர்ந்தவர்தான். நாலு மணியை வாயில் போட்டுக் கடித்தார். 'கடக்'கென்று உடைந்தது. பதினாறு, அதற்கு மேல் ஒரு புள்ளிகூடப் போகாது. முகம் மலர்ந்தது. சான்றிதழ் ஞாபகம் வந்ததும் கூம்பிவிட்டது.

"பல்லுக்கெல்லாம் அளவுச் சான்று கெடையாதும்மா. ஆடிட்டுக்கு வந்தவுக கேட்டா வாயத் தெறந்தா காட்ட முடியும்? மூணே நாள் பொறு. பேட்டரி வாங்கிருவோம்."

"பேட்டரிதான? எபனேசர் கடையில தொங்குது. இந்தா ஓடிப்போயி நானே வாங்கியாறேன்."

ஞானசிகாமணி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "நெல்லு விக்கிறவ நீ. அத அளக்குற மிஷினுக்கு நீயே பேட்டரி போட்டா அதுக்குப் பேரு என்ன தெரியுமா? 'நலன் முரண்'!"

"பேட்டரின்னுல்ல நெனச்சேன்," என்றாள் பஞ்சம்மாள்.

எபனேசரின் எலக்ட்ரிக்கல் கடை நிலையத்துக்கு எதிர்ச்சாரியில், நாற்பது அடி தூரத்தில் இருந்தது. அந்த வட்டாரத்துக் கடைக்காரர்களிடம் தொன்றுதொட்டு ஒரு வழக்கம் உண்டு. அரசாங்கம் மூன்று கொட்டேஷன் கேட்டால், பொருளை விற்கப் போகிறவரே மூன்றையும் எழுதிவிடுவார்: ஒன்று தன் கடைத் தாளில், மற்ற இரண்டும் சொந்தக்காரர் கடைத் தாளில், ரெண்டு ரூபாய் கூட்டி. ஞானசிகாமணி போய் நின்றதும் எபனேசர் மேஜை டிராயரைத் திறந்தார்.

"மூணு கடைத் தாளும் இருக்கு தம்பி. மூணு கலர்ப் பேனாவும் இருக்கு. ஒரு கையெழுத்த மட்டும் எடது கையில போடுவேன். அஞ்சு நிமிசம்."

"அண்ணே, அந்தக் காலம் மலையேறிப் போச்சு. மூணு கடையும் சம்பந்தமில்லாத கடையா இருக்கணும். கலந்து பேசியிருக்கவே கூடாது."

எபனேசர் யோசித்தார். "அப்பிடின்னா என் மச்சினன் இம்மானுவேல்தான். கம்பத்துல கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரஸ் வச்சிருக்கான். மூணு வருசமா எங்களுக்குள்ள பேச்சே கெடையாது."

ஞானசிகாமணிக்கு மெய்சிலிர்த்தது. இதைவிடச் சுத்தமான போட்டி உலகத்தில் எங்கே கிடைக்கும்? மூன்றாவதற்குச் சின்னமனூரில் ஒரு ஃபேன்சி ஸ்டோரைப் பிடித்தார்கள். தபாலும் முத்திரை உறையுமாக ஒன்பது நாள் ஆயிற்று. அதற்குள் மற்ற விவசாயிகள் கம்பம் வியாபாரிகள் கேட்ட விலைக்கு நெல்லை ஏற்றிவிட்டு, வயலை உழப் போய்விட்டார்கள். பஞ்சம்மாள் மட்டும் அசையவில்லை. "ஞானசிகாமணி சார் ஒரு வார்த்தை சொன்னாகன்னா மாற மாட்டாக," என்று சொல்லிக்கொண்டு குவியலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

உறைகள் பகிரங்கமாகப் பிரிக்கப்பட்டன. எபனேசர் நாற்பது ரூபாய். ஃபேன்சி ஸ்டோர் நாற்பத்தைந்து. இம்மானுவேல் முப்பத்தொன்பது. அக்காள் புருஷன் என்ன விலைக்கு விற்கிறார் என்று விசாரித்து, வீம்புக்கு ஒரு ரூபாய் குறைத்திருந்தார். குறைந்த விலைக்கே ஆர்டர் என்பதால் ஞானசிகாமணி கம்பத்துக்குப் போன் போட்டார்.

"நெசமாவே வாங்குவீகன்னு நெனைக்கலையே சார்! நான் பத்திரிகை அடிக்கிறவன். வாங்கித்தான் தரணும். முப்பத்தொம்பது ரூவாச் சாமானுக்கு பஸ் ஏறி வரச் சொல்றீகளா? எத்தன நாள் டயம் இருக்கு?"

"விதிப்படி பதினஞ்சு நாள்." ஞானசிகாமணிக்கு மறைக்கத் தெரியாது.

"அப்பச் சரி. முகூர்த்தம் முடியவும் மார்க்கையன்கோட்டைக்கு ஒரு பத்திரிகைக் கட்டு குடுக்க வருவேன். அப்பக் கொண்டாறேன்."

மறுநாள் மதியம் மழை பிடித்துக்கொண்டது. நிலையத்தில் தார்ப்பாய்கள் மடிப்புக் கலையாமல் இருந்தன. ஆனால் அவை நிலையம் வாங்கிய நெல்லை மூடுவதற்கு மட்டும் உரியவை. பஞ்சம்மாள் உரச்சாக்கைப் பிரித்துப் போர்த்தினாள், இரண்டு பழைய சேலையைப் போர்த்தினாள். ஞானசிகாமணி கல்நெஞ்சக்காரர் அல்ல. தன் குடையை விரித்து, இரண்டு மணி நேரம் குவியலின் ஒரு மூலைக்குப் பிடித்துக்கொண்டு நின்றார். சொந்தக் குடை என்பதால் கொட்டேஷன் தேவைப்படவில்லை.

மழை ஏழு நாள் விட்டு விட்டுப் பெய்தது. பதினைந்தாம் நாள் மாலை இம்மானுவேல் பேட்டரியுடன் வந்தார், ஒரு நாள்கூடத் தாமதமில்லை. அதைப் பதிவேட்டில் ஏற்றி, போட்டோ எடுத்து, மிஷினில் போட்டார்கள். மிஷின் கண்ணைத் திறந்து பஞ்சம்மாளின் நெல்லைப் பார்த்தது: இருபத்து நாலு.

"பதினேழுக்கு மேல இருக்கும்மா. வாங்க முடியாது," என்றார் ஞானசிகாமணி.

பஞ்சம்மாள் குனிந்து ஒரு பிடி அள்ளி மேஜை மேல் வைத்தாள். ஒவ்வொரு மணியிலும் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது.

"கடிச்சுப் பாருங்க சார்."

அவர் கடித்தார். சத்தமே வரவில்லை.

"மிஷினு சரியாத்தான் சொல்லுது. அன்னைக்கு ஒங்க பல்லும் சரியாத்தான் சொல்லுச்சு. சொல்லாம இருந்தது நீங்கதான்."

அடுத்த வாரம் மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது: 'விதிமீறல் ஏதுமின்றி நடந்தேறிய முன்மாதிரிக் கொள்முதல்.' கூடவே, அறுவடை முடிந்துபோனதால் நிரப்பி அனுப்ப வேண்டிய பருவ இறுதிப் படிவமும் வந்தது. 'இந்நிலையம் இப்பருவத்தில் கொள்முதல் செய்தது, மூட்டைகளில்' என்றிருந்த கட்டத்தை ஞானசிகாமணி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பொய் எழுதிப் பழக்கமில்லாதவர். 'மூட்டைகளில்' என்பதை ஒரு கோடு போட்டு அடித்தார். 'பேட்டரி - ஒன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.