கல்யாணமாகாத மாமனார்

துருவேறி இறுகிய போல்ட்டை வலுவைக் காட்டித் திருகக் கூடாது; எண்ணெய் விட்டு, ஊறும்வரை காத்திருக்க வேண்டும். இது பணிமனை விதி. அரசு வாகனப் பணிமனையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு அது மனப்பாடம். ஆனாலும் தஞ்சாவூர் ஜில்லாவில் எந்த போல்ட்டும் என்னை மதித்ததில்லை. எல்லாம் எதிர்வீட்டு மாமனாருக்குத்தான் கட்டுப்பட்டன.

அவர் யாருக்கும் மாமனார் இல்லை. கல்யாணமே ஆகாதவர். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தவர். சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. கழல மறுக்கும் போல்ட்டையெல்லாம் "மாப்ள" என்று கூப்பிடுவார். அதனால் தெரு அவரை மாமனாராக்கிவிட்டது.

சர்ச்சின் பங்குச் சாமியாருடைய ஜீப் மக்கர் செய்தால் மாமனார். பூதலூர் வயலில் அறுவடை மெஷினின் சைலன்சர் தொங்கினால், பைக்கில் உட்கார வைத்துக் கடத்திக்கொண்டு போவார்கள். நான் வாங்கிய பயிற்சிச் சான்றிதழைச் சட்டம் போட்டு கூடத்தில் மாட்டியிருக்கிறேன். அதைப் பார்க்க ஒரு பைக்கும் வந்ததில்லை.

சென்ற தீபாவளிக்கு பாபநாசத்திலிருந்து வந்த என் மாப்பிள்ளை, "மாமா, உங்க காரு டிராக்டர் மாதிரி கத்துது. சைலன்சரைப் பாருங்க" என்றார். வாகனப் பிரிவையே கட்டி ஆண்டவனிடம்! அந்த அளவு சத்தம் விதிப்படி சரிதான் என்று, விதிகளை வரிசையாக எடுத்துச் சொன்னேன். பாயசத்துக்கு முன்பே இலையை மூடிவிட்டுக் கிளம்பினார். அதன் பிறகு போனில் மகள் பேசினாள், அவர் பேசவில்லை.

மார்கழி முடியப் போனது. "அவர் ஒரு வார்த்தை வாங்கன்னு சொல்லாம, பொங்கல் வரிசையத் தூக்கிக்கிட்டு வாசல்ல போய் நிக்க முடியுமா?" என்றாள் மனைவி. "அதுவும் அதே சத்தத்தோட!"

சத்தத்தையாவது நிறுத்தலாம் என்று வண்டிக்கடியில் படுத்து ஸ்பானரை மாட்டி இழுத்தேன். போல்ட் நகரவில்லை. என் இடுப்பு நகர்ந்தது.

மனைவி வாசலுக்குப் போய், "மாஸ்டரண்ணே!" என்றாள்.

வந்தார். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தார். "மாப்ளைக்கு முகம் கழுவிவிட்டாச்சு." எண்ணெய் விட்டார். "இது காபி." பிறகு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் வந்து காபி, மாலையில் வந்து காபி. அவருக்கும் காபி, டபராவோடு, நுரையோடு. எனக்கு வெறும் டம்ளர்.

அடுத்த நாள் என் காருக்கு அடியிலிருந்து குரல் கேட்டது: "என்ன மாப்ள, இப்படி முறுக்கிக்கிட்டீங்க? யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் வாசல் வழியே கூடத்துச் சான்றிதழைப் பார்த்தேன்.

வண்டிக்கடியில் குனிந்து பார்த்தால், மனிதர் போல்ட்டை இறுக்கும் பக்கம் திருகிக்கொண்டிருந்தார்.

"கழட்ட வந்தீங்களா, இறுக்க வந்தீங்களா?"

"பதறாதீங்க சார். அவர் போற பக்கமே நாமளும் ஒரு நூல் போகணும். 'நீங்க சொன்னதுதான் சரி மாப்ள'ன்னு ஒத்துக்கணும். அப்பறம் பாருங்க, தானா நம்ம பக்கம் வருவாரு."

டக்கென்று ஒரு சத்தம். போல்ட் சுற்றிக்கொண்டு வந்தது. மனைவி கைதட்டினாள். எங்கள் கல்யாண போட்டோவில்கூட அவள் அப்படிச் சிரித்ததில்லை. பொறாமையா என்று கேட்டால், ஆமாம்.

அன்று மத்தியானம் யாரும் பார்க்காத நேரத்தில் போனை எடுத்து, மாப்பிள்ளைக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: "சைலன்சர் சத்தம் போட்டது உண்மை. நீங்க சொன்னதுதான் சரி." விதிப்படி நான் சொன்னதும் சரிதான். அதை எழுதவில்லை. ஒரு நூல்தான் இறுக்கினேன்.

பிறகு காத்திருந்தேன். வரிசைக்கு வாங்கிய கரும்பு சுவரோரம் வாடியது. மாமனார் தினமும் காபிக்கு வந்தார். சைலன்சரைச் சரிசெய்து சத்தத்தை நிறுத்தியாயிற்று; இப்போது கழற்ற எதுவுமில்லை, ஆனாலும் வந்தார்.

ஒருநாள் காலையில் போன் சிணுங்கியது. "வரிசையோட நீங்களே வாங்க மாமா. சத்தம் நின்னுச்சான்னு நான் ஓட்டிப் பாக்கணும்."

அடுப்படியிலிருந்த மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. செருப்புப் போடாமல் தெருவைத் தாண்டி, மாமனார் வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்தப் பதில் வந்த நாள், போகி; விடிந்தால் பொங்கல்.